சார்ஜ் எடுத்த ரிசால்தார்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவித்த கொள்ளு வாங்கிப்போக வந்திருந்த ரிசால்தாரிடம், "பொங்காமப் பாத்துக்கோங்க தம்பி, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி நான் வாசலுக்குக் கீரை வாங்கப் போனேன். கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே லோத்குண்டாவிலிருந்து எனக்காக ஆட்டோ வந்து நின்றது. தெரிந்தவர் வீட்டு வளைகாப்பு. கீரையைத் திண்டில் வைத்துவிட்டு அப்படியே ஏறிப் போய்விட்டேன். பால் ஞாபகமே இல்லை. வளையல் அடுக்கி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வெயில் சாய்ந்த பிறகு வீடு திரும்பிப் பார்த்தால், சமையலறையில் மனிதர் விறைப்பாக நின்று கரண்டியால் கிண்டிக்கொண்டிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. பாத்திரத்தில் பால் இல்லை, திரட்டுப்பால் இருந்தது.

"பொங்கல அக்கா" என்றார்.

"அட கடவுளே, அடுப்ப அணைச்சுட்டுப் போயிருக்கலாமே?"

"அணைக்கச் சொல்லலியே. பாத்துக்கச் சொன்னீங்கோ. பாத்துகினேன்."

சர்க்கரையும் அவரே தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

குடியாத்தம் பக்கத்து மனிதர். பட்டாளத்தில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பராமரிக்கிற பிரிவில் ரிசால்தார் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு ரிசால்தார், பிள்ளைகளுக்கு ரிசால்தார் தாத்தா. நெடுநெடுவென்று உயரம். கால்கள் மட்டும் நடுவே ஒரு குதிரையை விட்டுவைத்தது போல வளைந்திருக்கும். குதிரை லத்தி அள்ளும்போதுகூடக் கஞ்சி போட்ட சட்டைதான். சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவரும் அவருடைய இரண்டு மட்டக்குதிரைகளும். பேகம் என்று ஒரு வெள்ளைப் பெட்டை, லட்டு என்று ஒரு பழுப்பு நிறத்து ஆண்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கொள்ளு அவர் வாங்கித் தருவார். நான் அவிப்பேன். கொள்ளு குதிரைகளுக்கு, வடித்த தண்ணீர் என் ரசத்துக்கு. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டுக்காரர் இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, வீடு கட்டி, என்னை அதில் குடிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். என் கொள்ளு ரசத்துக்கு இந்தத் தெருவில் மேஜர் வீட்டிலிருந்தே தூக்குப் பாத்திரம் வரும். அந்த ரசத்தில் பாதிப் பெருமை குதிரைகளுடையது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டாளத்தில் ஒரு பொருளையோ, மிருகத்தையோ, ஆளையோ தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதற்குச் சார்ஜ் எடுப்பது என்று பேர். ரிசால்தாரின் உடம்பில் ரத்தத்துக்குப் பதில் அந்தச் சார்ஜ்தான் ஓடியது. தபால்காரன் ஒரு நிமிஷம் பையைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், இவர் வந்து பைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். திரும்பி வந்தவனிடம் பையைத் திறந்து காட்டச் சொல்லி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்புவார். பக்கத்துத் தெரு தெலுங்குக்காரக் குடும்பம் ஒன்று திருப்பதிக்குப் போகும்போது அவரிடம் சாவியைக் கொடுத்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் சொன்னார்கள். இவர் அந்த வீட்டு வராந்தாவிலேயே பாய் போட்டுவிட்டார். மொட்டையோடு அவர்கள் திரும்பி வந்தபோது, அறை அறையாகக் கூட்டிப்போய் ஒப்படைத்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

"மேடம், பூஜை ரூம்ல பல்லி ஒண்ணு செத்துப் பூட்ச்சு. இயற்கையான சாவு."

திறந்து காட்டினார். பல்லி இருந்தது. அந்த அம்மாள் அலறியதில் பிரசாத லட்டு உருண்டு போயிற்று.

இப்படிப்பட்டவரிடம்தான் ஊரார் பிள்ளைகள் குதிரை ஏற வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேட்டைத் திறந்து வைப்பார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, செருப்பு வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுவார். குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார். ஒரு பைசா வாங்கமாட்டார். அது தர்மம் என்று நினைத்துவிடக் கூடாது. குதிரைகளுக்கு வேலை வேண்டும். அவர் ஏறினால் கால் தரையில் உரசும்.

இரண்டையும் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒரு பாயிடமிருந்து அவர் வாங்கியிருந்தார். மேளம் அடித்தால் பேகத்துக்குத் தோல் முழுக்க நடுங்கும். பட்டாசுக்கு மூத்திரம் போய்விடும். அந்த நிலையில் அதன்மேல் கனத்த மாப்பிள்ளைகளை ஏற்றி வேலை வாங்கியிருக்கிறார்கள். பாய் கெட்டவர் இல்லை. பிழைப்பு. ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கும் வந்து, "கைக்கு நக்கோ போல்ரே சாப்?", ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே குதிரைகளைத் திருப்பிக் கேட்பார். "நக்கோ பாய், நக்கோ" என்று இவரும் சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அனுப்புவார்.

எதிர்வீட்டுக்கு ஒரு கோயம்புத்தூர்த் தம்பி குடிவந்தார். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. மனைவிக்கும் அதே வேலை, வேறு கம்பெனி. சில வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர்கள். மித்ரா என்று ஒரே பெண். நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷிலும் இந்தியிலும் பதில் சொல்வாள். வந்த முதல் ஞாயிறே லட்டுவின்மேல் ஏறிவிட்டாள். அவளுடைய அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ரிசால்தார் சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. குதிரை உங்களுது, குழந்தை எங்களுது. விழுந்துட்டா யாரு பொறுப்புங்க?"

"நான்தான் சார்."

"அதில்லீங்க. சட்டப்படி."

"சட்டப்படியும் நான்தான் சார்."

"அதுக்கு லயபிலிட்டி இன்சூரன்ஸ்னு ஒண்ணு எடுக்கணுமுங்க. அமெரிக்காவுல எங்க பக்கத்து வீட்டுல மட்டக்குதிரை வெச்சிருந்தாங்க. அந்த இன்சூரன்ஸ் இல்லாம அடுத்தவங்க குழந்தையக் கிட்டவே விடமாட்டாங்க. விழுந்தா கேஸ் போட்டுருவாங்க. வீடே போயிருமுங்க."

"கேஸ் யாரு மேல சார்? குதிரை மேலயா?"

"உங்க மேலங்க."

"அப்ப விழுந்த கொழந்தைய யாரு பாத்துப்பாங்கோ?"

"இன்சூரன்ஸ் கம்பெனி பணம் குடுக்குமுங்க."

"பணம் இருக்கட்டும் சார். கொழந்தைய?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் சுவரின் இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கும் ரிசால்தார் கேட்டதுதான் சரி என்று பட்டது.

ஆனால் ரிசால்தாருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான். அடுத்தவர் பிள்ளைக்குத் தான் பொறுப்பு என்று சர்க்கார் முத்திரையோடு ஒரு காகிதம் கிடைக்கும் என்றால், அதைவிட அவருக்கு வேறு என்ன வேண்டும்? யாரையோ பிடித்து ஓர் ஏஜெண்டை வரவழைத்துவிட்டார். தெலுங்குக்காரப் பையன். என் வீட்டு உளுந்த வடையைக் கடித்துக்கொண்டே குதிரைகளைச் சுற்றிவந்து பார்த்தான். கால்நடை டாக்டர் வந்து இரண்டின் காதிலும் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை அடித்தார்.

"நோ டேக், நோ க்ளெய்ம். அந்தே சார்" என்றான் பையன். வில்லை இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காதாம். அவ்வளவுதானாம்.

"குதிரை மேல இருக்கறதும் இதுல சேர்ந்ததுதானே?" என்று ரிசால்தார் இந்தியில் கேட்டார்.

"அன்னீ உன்னாய் சார், டென்ஷன் வத்து." எல்லாம் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று வாய் நிறைய வடையோடு சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்துப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் முழுக்க ரிசால்தார் யோசனையில் இருந்தார். பிறகு சுவரண்டை வந்தார்.

"அக்கா, பட்டாளத்துல குதிரைன்னா வெறும் குதிரை இல்ல. சேணம், கடிவாளம், கம்பளி, மேல உக்காந்துகினு இருக்கற ஆளு, எல்லாம் சேர்ந்து ஒண்ணு. எல்லாத்துலயும் நம்பர் அடிச்சிருப்பாங்கோ. குதிரைக்கு டேக் போட்டாச்சு. கொழந்தைங்களுக்குப் போடலியே?"

நியாயமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டு அதே மஞ்சள் வில்லைகளை வாங்கிவந்தார். காதில் குத்த முடியாது என்பதால் கழுத்தில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. கோத்துக் கொடுத்தது நான்தான். என்னிடம் இருந்தது ஆடிப்பெருக்குக்கு வாங்கி மீந்த மஞ்சள் கயிறு. அதில் கோத்து, பிள்ளைக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் கழுத்தில் மஞ்சள் கயிறும் மாட்டு வில்லையுமாகக் குதிரை ஏறினார்கள். இறங்கியும் கழற்றவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் அதோடேயே போனார்கள். என் நம்பர் பெரிசா உன் நம்பர் பெரிசா என்று பஸ்ஸில் சண்டையாம்.

தாய்மார்கள் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி, "மா பாப்ப எத்தா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் பெண் என்ன எருதா என்று அர்த்தம். இன்னொருத்தி கயிற்றைத் தூக்கிக் காட்டி, யாரோடு கல்யாணம் பண்ணிவைத்தீர்கள் என்று கேட்டாள். நான் அசரவில்லை. "இன்சூரன்ஸ் வேணும்னு கேட்டது நீங்கதானே?" என்று திருப்பிக் கேட்டேன்.

கோயம்புத்தூர்த் தம்பி பாலிசிக் காகிதத்தை வாங்கி முழுக்க வாசித்தார். வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிசால்தார் சார், இது மாடு கன்னுக்கு எடுக்கறதுங்க. குதிரை செத்தா உங்களுக்குப் பணம் வரும். குழந்தை மேல குதிரை விழுந்து குதிரைக்கு உசுரு போனாக்கூட வருமுங்க. குழந்தைக்கு ஒண்ணும் வராது."

"அப்ப பிள்ளைதான் குதிரைக்கு மெத்தையா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் காலனிச் சங்கத்துக்குப் போயிற்று. அங்கே செயலாளர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர். மரியாதையாகத்தான் பேசினார். தீபாவளிக்குள் சரியான இன்சூரன்ஸ் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குதிரைகள் காலனியில் இருக்கக்கூடாது. அதுவரை சவாரி கிடையாது. அதை எழுதி ஒரு பலகையை ரிசால்தார் வீட்டுச் சுற்றுச்சுவரில் தெருப்பக்கம் அடித்தார்கள்.

ரிசால்தார் கஞ்சிச் சட்டை போட்டுக்கொண்டு செகந்திராபாத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஒருநாள் ஜெனரல் பஜாரில் எனக்கும் வேலை இருந்ததால் கூடப் போனேன். காருக்கு இருந்தது, கடைக்கு இருந்தது, லிஃப்டுக்கு இருந்தது. குதிரைக்கு என்றதும் கவுண்டரில் இருந்த பெண், "கிளப்பா, ஸ்கூலா?" என்று கேட்டாள். "வீடு" என்றார். "வீட்டுல எதுக்கு சார் குதிரை?" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாயைத் தவிர வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்கோ அக்கா. பேகத்துக்கு இன்னொரு சீசன் தாங்காது."

அவ்வளவுதான் சொன்னார். அழுவது எனக்குப் பழக்கமில்லாததால் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

மித்ரா விழுந்தது அதற்கு அடுத்த ஞாயிறு.

கேட் பூட்டியிருந்தது. அந்தப் பெண் தெருப்பக்கமாக வந்து, சங்கத்தார் அடித்த பலகைமேல் கால் வைத்து ஏறிச் சுவர்மேல் நின்றிருக்கிறாள். அங்கிருந்து லட்டுவின் முதுகில் குதிக்கலாம் என்று கணக்கு. லட்டு கொட்டாவி விட்டுக்கொண்டு ஓர் எட்டு நகர்ந்து நின்றான். அவள் அவன்மேல் ஒரு விரல்கூடப் படாமல் நேரே தரைக்கு வந்தாள். நான் சத்தம் கேட்டு ஓடுவதற்குள், குதிரைக்காலுக்குச் சுற்றுகிற துணியை எடுத்து வலது கையை மடக்கிக் கட்டிவிட்டார் ரிசால்தார். நர்சிங் ஹோம் டாக்டர், இவ்வளவு ஒழுங்காக இதைக் கட்டியது யார் என்று கேட்டார். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு.

தெரு முழுக்கக் கூடி நியாயம் பேசியது. ஏறியது சங்கத்தின் பலகைமேல். நின்றது ரிசால்தாரின் சுவர்மேல். குதிரை தொடவே இல்லை. சவாரி நிறுத்தியாயிற்று, கேட்டும் பூட்டியாயிற்று. கோயம்புத்தூர்த் தம்பி நல்ல மனுஷன். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவர் விவரம் கேட்டுக்கொண்டு, "இதுல உங்க பொறுப்பு ஒண்ணுமே இல்லீங்க சார். அவ மேலதான் தப்பு" என்று ரிசால்தாரின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"என் காம்பவுண்டுக்குள்ள விழுந்துச்சு சார். சார்ஜ் என்னுது."

தம்பி அதை மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை எதிர்வீட்டு மணி அடித்தது. வாசலில் ரிசால்தார் நின்றார். பக்கத்தில் இரும்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை, கழுத்தில் விசில்.

"ரிப்போர்ட்டிங் சார்."

வேறு வீடாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். ஆனால் வேலைக்காரப் பெண் அந்த வாரம்தான் வேலையை விட்டு நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் லீவு கிடையாது. ஊரிலிருந்து யாரும் வருவதாக இல்லை. "ரெண்டு நாளைக்கு இருக்கட்டுமுங்களே" என்று மித்ராவின் அம்மாதான் சொன்னாள். ரிசால்தாருக்கு இரண்டு நாள் என்பதெல்லாம் காதில் ஏறாது. வலது கை திரும்ப வேலை செய்கிறவரைக்கும் அந்தக் கை செய்யவேண்டிய வேலை எல்லாம் அவருடையது.

பல் தேய்த்துவிட்டார். இட்லியைத் துண்டு போட்டு ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும், "சவாஷ், மெல்லு" என்றார். அணிவகுப்புக்குப் போகிற குதிரைக்குப் பிடரியைப் பின்னுவது போலத் தண்ணீர் தொட்டு இழுத்துப் பின்னினார். புருவம் இரண்டும் மேலே ஏறி, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ஆச்சரியப்பட்டபடியே உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, இட்ஸ் டூ டைட்!" என்று அவள் கத்துவதும், "அடுத்த வாரம் வரைக்கும் அவுறாது பேட்டா" என்று இவர் பெருமையாகச் சொல்வதும் என் வீட்டுக்குக் கேட்கும். பிறகு அந்தப் பின்னலைப் பார்த்து மற்றப் பெண்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுப்பாடத்தை அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். பசு நமக்குப் பால் தரும் என்று அவள் சொன்னதற்கு, ஒழுங்காகத் தீனி போட்டால் என்று இவராகச் சேர்த்துவிட்டாராம்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விடியுமுன் விசில். வீடு மொத்தமும் எழுந்தாக வேண்டும். பிள்ளையின் செருப்பு வரிசையில் இருந்தால் அப்பாவின் ஷூ ஏன் கோணலாக இருக்கிறது என்று கேள்வி. தம்பி அமெரிக்காக்காரனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "லைட்ஸ் அவுட் சார்" என்று விளக்கை அணைத்துவிட்டார். அந்த அமெரிக்காக்காரன், அங்கே என்ன, ஜெயிலா என்று கேட்டானாம்.

குதிரைகளை என்னிடம் ஒப்படைத்திருந்தார். சும்மா இல்லை. எட்டுக் குளம்பையும் தூக்கிக் காட்டி, பல்லைத் திறந்து காட்டி, முறையாக. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் கொள்ளு வைக்கும்போது அவரும் வந்து நின்றார். நான் கேட்டுவிட்டேன்.

"சொவத்துல ஏறி விழுந்த பிள்ளைக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு தம்பி? அவுக அப்பாவே உங்க பொறுப்பு இல்லன்னுட்டாரு. காகிதம் எழுதினாலும் உங்க மேல தப்பு வராதுல்ல?"

பேகத்தின் காது மடலைத் தடவிக்கொண்டே சொன்னார். "மலைமேல இருந்தப்ப என்கிட்ட ஒரு குதிரை இருந்துச்சுக்கா. லீவுல பூட்டேன். முறையா ஒப்படைச்சுட்டுதான் பூட்டேன். நான் ஊர்ல இருக்கறப்ப அது பாதையில சறுக்கி விழுந்துட்ச்சு. பேப்பர்ல என் பேரே இல்ல. விசாரணையில என்னை ஒரு வார்த்தை கேக்கலை." பேகத்தின் பிடரியைக் கோதிவிட்டார். "கேட்டிருக்கலாம்."

கொள்ளு ஆறிக்கொண்டிருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று, "ஃபிட் ஃபார் டூட்டியா சார்?" என்று டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு மித்ராவைக் கூடத்தில் நிறுத்தி அவளுடைய அப்பாவிடம் ஒப்படைத்தார். கையைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், நகத்தைக் காட்டச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார்.

"எல்லாம் சரி சார். ஒரே ஒரு பழுது. கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுது. அது நான் வர்றதுக்கு முன்னாடியே ஆடினதுதான். பாத்து எடுத்துக்கோங்கோ."

"எடுத்துக்கிட்டேனுங்க" என்றார் தம்பி. ரிசால்தார் சல்யூட் அடித்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா பின்னாலேயே வந்து, காலையில் தலை பின்ன மட்டும் வந்துவிட்டுப் போகமுடியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் சங்கக் கூட்டம். நான் அதற்கெல்லாம் போகிறவள் இல்லை. அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரிசால்தார் மூலையில் நின்றார். பாயிடம் ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும். பேகத்தை முதல்நாளே தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருந்தார்.

இன்சூரன்ஸ் எடுத்தாயிற்றா என்று செயலாளர் கேட்டார். இல்லை சாப் என்றார் இவர். அப்போது கோயம்புத்தூர்த் தம்பி எழுந்தார். இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசினார். எனக்கு எல்லாமே புரிந்தது.

"இன்சூரன்ஸ் கேட்டதே நான்தான். இப்ப வேண்டாம்னு சொல்றேன். குழந்தை விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இவர் உங்க வீட்டுக்கு வந்துருவார்."

சபையில் சிரிப்பு. தம்பி சிரிக்கவில்லை. விசிலைப் பற்றிச் சொன்னார். ஷூவைப் பற்றிச் சொன்னார். விளக்கு அணைந்ததைச் சொன்னார். தினமும் தன் படுக்கை விரிப்பைப் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொன்னதையும் சொன்னார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. விங் கமாண்டர் தொண்டையைச் செருமினார்.

"எந்தக் குழந்தை விழுந்தாலுமா?"

மூலையிலிருந்து ரிசால்தார் விறைப்பாகப் பதில் சொன்னார். "ஜீ ஹாங் சாப். யாரா இருந்தாலும். கை, காலு, எதுவா இருந்தாலும். குணமாகற வரைக்கும்."

விங் கமாண்டருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். கால்மேல் கால் போட்டிருந்தவர் காலைக் கீழே இறக்கி வைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தீர்மானம் இப்படிப் போட்டார்கள். குதிரைகள் இருக்கலாம், சவாரியும் நடக்கலாம். ஆனால் பிள்ளையோடு தாயும் தகப்பனும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவைப் பார்க்கக் கண் வேண்டும். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த தகப்பன்மார்கள் அரைக்கால் சட்டையோடு தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்பார்கள். தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம், நடுவில் குதிரைமேல் பிள்ளை. காலைப் பிடித்த பிடி விடமாட்டார்கள். வேப்பமரத்தைச் சுற்றி ஊர்ந்து வரும் அந்தக் கூட்டம். "அப்பா, விடுப்பா, ப்ளீஸ்" என்று பிள்ளை கெஞ்சும். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று தகப்பன் பல்லைக் கடிப்பான். பேகம் நன்றாகத் தேறிவிட்டது. அதன் முதுகில் வெயில் பட்டால் மின்னும்.

மழை விட்ட ஒரு ஞாயிறு, சவாரி முடிந்து எல்லோரும் போனபின் அவர் குதிரைகளைக் கட்டிவிட்டுச் சுவரண்டை வந்து நின்றார். நான் கொள்ளு வடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கும் யாரும் விழல அக்கா."

"நல்லதுதானே தம்பி?"

"நல்லதுதான்" என்றார், கல்யாண வீட்டுக்குத் தாமதமாகப் போய் இலை எடுத்தாயிற்று என்று கேட்டவரைப் போல.